கருத்துக்கணிப்பைப் படிக்கும் முறை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வழக்கு. தேர்தல் காலக் கருத்துக்கணிப்பும் இம்முறையில் அமைந்ததே. சில நூறு பேரை வினவிப் பல இலட்சம் பேரின் உள்ளக்கிடக்கையை அறிய அது முற்படுகிறது. ஆயின், பானையில் உள்ள சோறே இன்னும் வேகவில்லையெனில், எடுத்த ஒரு சோறு இறுதிப் பதத்தைக் காட்டுமா? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு நடந்த ஒரு தேர்தல் இவ்வினாவுக்கு விடை தருகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டத்துறைத் தலைவர் நியமனம் பெறுபவர். அமெரிக்காவிலோ 43 மாநிலங்களில் அவரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். மாநிலத்தின் சார்பில் வழக்காடுதலும், மக்களை ஏமாற்றும் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தலும் அவர்தம் கடமைகள். பொதுத் தேர்தலுக்கு முன், கட்சியின் வேட்பாளர் யாரென்பதை உட்கட்சித் தேர்தல் முடிவு செய்யும். ஒரு கட்சியே ஓங்கி நிற்கும் நியூயார்க்கில், இம்முதற்கட்டமே பெரும்பாலும் பதவியைத் தீர்மானித்துவிடும்.

2018 மே மாதத்தில் அப்பதவியிலிருந்த எரிக் ஷ்னைடர்மன் விலகினார். ஜனநாயகக் கட்சியில் லெட்டீசியா ஜேம்ஸ், செஃபைர் டீச்சவுட், சான் பேட்ரிக் மலோனி, லீசியா ஈவ் ஆகிய நால்வர் போட்டியிட்டனர். வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன் வெளிவந்த சியேனா கல்லூரியின் கணிப்பில் மலோனி 25, ஜேம்ஸ் 24, டீச்சவுட் 18, ஈவ் 3 விழுக்காடு பெற்றனர். முடிவெடுக்காதோர் 30 விழுக்காட்டினர்.

செப்டம்பர் 13இல் வாக்களிப்பு நடந்தது. ஜேம்ஸ் ஏறத்தாழ 40 விழுக்காடு பெற்று வென்றார். டீச்சவுட் 31 விழுக்காட்டுடன் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தார். மலோனியோ அதே 25 விழுக்காட்டில் நின்று மூன்றாம் இடத்துக்கு இறங்கினார்.

அவ்வாறாயின் கணிப்புப் பொய்த்ததா? அன்று, அதைப் படித்த முறையே பிழையாகும். முதலாவதாக, 500 பேரை வினவும் கணிப்பில் ஒவ்வோர் எண்ணும் 4 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக ஏறவோ இறங்கவோ கூடும். எனவே, 25க்கும் 24க்கும் இடையே முந்தியவர், பிந்தியவர் என ஒருவருமில்லை. இரண்டாவதாக, அக்கணிப்பில் மிகப் பெரிய எண் எந்த வேட்பாளருடையதும் அன்று. முடிவெடுக்காதோரின் 30 விழுக்காடே. அப்பங்கு நால்வருக்கும் சமமாகப் பிரியவில்லை. இறுதி எண்களை நோக்கின், உயர்வு முழுவதும் ஜேம்ஸ், டீச்சவுட் இருவருக்கே சேர்ந்தது. மூன்றாவதாக, உட்கட்சித் தேர்தலில் நிற்போர் அனைவரும் ஒரே கட்சியினர். கட்சிச் சின்னத்தைக் கொண்டு தெரிவு செய்ய இயலாமையால், வாக்காளர் பலர் கடைசி நாட்களிலேயே மனத்தை உறுதி செய்கின்றனர்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பலர் போட்டியிடும் களத்தில், ‘என் வாக்கு வீணாகக் கூடாது’ என்று எண்ணும் வாக்காளர் கணிப்பில் முன்னிற்கும் இருவரை மட்டுமே நோக்குவார். அவ்வாறு எண்ணி டீச்சவுட்டைக் கைவிட்டு மலோனிக்கு வாக்களித்தவர் எவரேனும் இருப்பின், இரண்டாம் இடத்துக்கு வந்தவரை விட்டு மூன்றாமவரைத் தேர்ந்தவராவார்.

ஆதலின், கணிப்பு எதுவாயினும், முன்னிற்பவர் யார் என்று பார்க்குமுன் முடிவெடுக்காதோர் எத்தனை பேர் என்று பார்த்தல் வேண்டும். முன்னிருக்கும் இருவருக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட அவ்வெண் பெரிதாயின், களம் இன்னும் திறந்தே இருக்கிறது என்று கொள்க.