பாலைச் சுழற்றிய சுவீடன்காரர்

பால் பாக்கெட்டின் மேல் பொடி எழுத்தில் ஒரு கணக்கு அச்சிட்டிருக்கும். நீல நிற ஆவின் பாக்கெட் என்றால் கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பு தவிர்த்த சத்துகள் 8.5 சதவீதம். ஆரஞ்சு என்றால் 6, 9. எந்த மாடும் இந்தக் கணக்குப்படி கறப்பதில்லை. நாட்டு மாட்டின் பால் ஒரு மாதிரி, ஜெர்சி கலப்பின் பால் ஒரு மாதிரி, எருமைப்பால் வேறு மாதிரி. ஒரே மாட்டின் காலைப் பாலும் மாலைப் பாலும்கூட ஒன்றாக இருக்காது. ஆயிரக்கணக்கான கொட்டில்களிலிருந்து வந்து டேங்கரில் கலந்த பால், பாக்கெட்டுக்குள் போகும்போது மட்டும் எப்படி இவ்வளவு கறாராக நிற்கிறது?

பால் பண்ணையில் வேலை பார்ப்பவரைக் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: செப்பரேட்டர். பாலைச் சூடாக்கி அந்த இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். ஒரு குழாயில் கிரீம் வருகிறது, இன்னொன்றில் கொழுப்பு நீங்கிய ஸ்கிம் பால் வருகிறது. பிறகு எவ்வளவு கொழுப்பு வேண்டுமோ அவ்வளவு கிரீமைத் திரும்பச் சேர்க்கிறார்கள். தேவைப்பட்டால் பால் பவுடரும் சேரும். முதலில் முழுதாகப் பிரி, பிறகு அளந்து கல. இன்றைய பால் தொழில் முழுக்க இந்த ஒரு வித்தையின் மேல்தான் நிற்கிறது.

வித்தை நம்மூரில் பிறக்காததற்குக் காரணம் உண்டு. நமக்கு அது தேவைப்படவில்லை. பாலை உறையூற்றித் தயிராக்கி, மத்தால் கடைந்து வெண்ணெய் எடுத்தோம். மிச்சமிருந்த மோரும் வீணாகவில்லை. வெயிலுக்கு அதுதான் வேண்டியிருந்தது. குளிர்நாட்டு ஐரோப்பாவில் வழி வேறு. பாலை அகலமான தட்டுகளில் ஊற்றி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைப்பார்கள். கொழுப்பு மெல்ல மேலே ஏறி ஏடாகப் படியும். அதை வழித்தெடுத்துக் கடைவார்கள். ஏடு முழுதாகப் படிவதற்குள் பால் பாதி புளித்துவிடும். அப்படியும் கொழுப்பில் கணிசமான பங்கு கீழேயே தங்கிவிடும்.

இவ்வளவு நேரம் பிடிக்க என்ன காரணம்? பாலில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஓர் உருண்டையின் குறுக்களவு சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் 250 முதல் 300-ல் ஒரு பங்கு. சுற்றியுள்ள பாலைவிட அது எடை குறைவு என்பது உண்மை. ஆனால் வித்தியாசம் 10 சதவீதம் அளவுதான். இவ்வளவு சிறிய பொருளை இவ்வளவு சிறிய எடை வித்தியாசத்தில் மேலே தள்ள, புவியீர்ப்புக்கு வெகு நேரம் ஆகிறது. புவியீர்ப்பைக் கூட்ட முடியாது. ஆனால் சுழற்ற முடியும். நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் ஒரு பாத்திரம் சுழன்றால், மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் துளியின் மேல் புவியீர்ப்பைப் போல் சுமார் 6,000 மடங்கு விசை விழும். ஒரு நாள் வேலை நொடிகளில் முடிந்துவிடும்.

சுழற்றலாம் என்ற யோசனை பலருக்கும் வந்ததுதான். ஜெர்மனியில் பிராண்டல் சகோதரர்கள் 1860, 70களில் இதில் இறங்கினார்கள். (அவர்களில் அலெக்சாண்டரின் மகன்தான், பின்னாளில் விமான இறக்கையை ஒட்டி ஓடும் காற்றுப் படலத்தை விளக்கிய லுட்விக் பிராண்டல். திரவங்களின் ஓட்டம் அந்தக் குடும்பத்தின் சொத்து போலிருக்கிறது.) வில்ஹெல்ம் லெஃபெல்ட் என்ற இன்னொரு ஜெர்மானியர் இயந்திரமே செய்து விற்றார். அதில் பாலை ஊற்றிச் சுழற்ற வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும், நின்றபின் மேலே திரண்ட ஏட்டை எடுக்க வேண்டும். மறுபடி ஊற்றி மறுபடி சுழற்ற வேண்டும். கனமான பாத்திரத்தை வேகம் ஏற்றவும் இறக்கவுமே பாதி நேரம் போய்விடும்.

இந்தச் செய்தியை 1877 வாக்கில் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் படித்தார் சுவீடனின் குஸ்தாஃப் தெ லாவல். 1845-ல் டாலர்னா மாகாணத்தின் ஓர்சாவில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் பொறியியலும் உப்சாலாவில் வேதியியலும் படித்து 1872-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்போது ஓர் இரும்பு ஆலையில் வேலை. பாலுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் மற்றவர்கள் சுழற்றுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் வெளியே எடுப்பதைப் பற்றி யோசித்தார். அவருடைய பெருமையே அதில்தான் இருக்கிறது என்பேன். இரண்டு திரவங்களைப் பிரிப்பது பெரிய காரியமில்லை. பிரித்ததை மறுபடி கலக்கவிடாமல், இயந்திரத்தையும் நிறுத்தாமல், தனித்தனியே வெளியே கொண்டுவருவதுதான் காரியம்.

அவர் செய்தது இது. சுழலும் கிண்ணத்தின் நடுக்குழாய் வழியே புதுப் பால் அடிப்பக்கம் இறங்கும். சுழற்சியில் கனமான ஸ்கிம் பால் கிண்ணத்தின் சுவரை ஒட்டிப் போய் நிற்கும். லேசான கிரீம் அச்சைச் சுற்றித் திரளும். கிண்ணத்தின் மிக அகன்ற இடத்தில், சுவரருகே வாய் வைத்து ஒரு வளைந்த குழாய்; அது உட்புறமாக ஏறி மேலே ஒரு துவாரத்தில் திறக்கும். ஸ்கிம் பாலுக்கு அதுதான் வாசல். கிரீமுக்கு வாசல் கழுத்துப் பகுதியில், அச்சுக்கு இன்னும் நெருக்கமாக. உள்ளே வரும் புதுப் பாலே இரண்டையும் தள்ளிக்கொண்டு போகும். வால்வு கிடையாது, பம்ப் கிடையாது. இரண்டு வாசல்களும் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது மட்டுமே எது எந்த வழியில் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னால் வந்த இயந்திரங்களில் கிரீம் வாசலில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கால் சுற்று திருகினால் கிரீம் கெட்டியாகும்; எதிர்ப்பக்கம் திருகினால் இளகும்.

1878-ல் காப்புரிமை. ஆஸ்கர் லாம் என்ற கூட்டாளியுடன் சேர்ந்து கம்பெனி. முதல் இயந்திரங்கள் மணிக்கு சுமார் 130 லிட்டர் பாலைப் பிரித்தன. 1883-ல் கம்பெனி ‘ஏபி செப்பரேட்டர்’ ஆனது. இன்று ‘ஆல்ஃபா லாவல்’ என்ற பெயரில் உலகமெங்கும் வியாபாரம் செய்வது அதுவே.

அந்தப் பெயரில் ‘லாவல்’ இவர். ‘ஆல்ஃபா’ இன்னொருவருடைய மூளை. கிளெமென்ஸ் ஃபோன் பெக்டோல்ஸ்ஹைம் என்ற ஜெர்மானியர் 1880களின் கடைசியில் ஓர் எளிய திருத்தம் கண்டுபிடித்தார். வெற்றுக் கிண்ணத்தில் ஒரு கொழுப்பு உருண்டை சுவரருகிலிருந்து அச்சு வரை பல சென்டிமீட்டர் நீந்த வேண்டும். கிண்ணத்துக்குள் மெல்லிய கூம்புத் தகடுகளை, புனல்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவதுபோல அடுக்கிவிட்டால்? தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி. உருண்டை அந்த அரை மில்லிமீட்டரைக் கடந்து அடுத்த தகட்டைத் தொட்டால் போதும். அப்புறம் தகட்டின் சரிவே அதை அச்சுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதே கிண்ணம், அதே வேகம், பல மடங்கு பால். தெ லாவலின் கம்பெனி அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கியது. அடுத்தவன் யோசனை தன்னுடையதைவிட மேல் என்று ஒப்புக்கொண்டு காசு கொடுத்து வாங்குவது கண்டுபிடிப்பாளர்களிடம் அபூர்வமாகத் தென்படும் குணம்.

கையால் சுற்றும் செப்பரேட்டரை அருகில் பார்த்தவர்களுக்கு அதன் மணி நினைவிருக்கும். கைப்பிடியில் ஒரு சிறு மணி பொருத்தியிருப்பார்கள். மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அது அடிக்கும். நிமிடத்துக்கு 60 சுற்றை எட்டியதும் ஓசை நின்றுபோகும். பாலைத் திறந்துவிடலாம் என்று அர்த்தம். கைப்பிடி 60 சுற்றினால் பற்சக்கரங்கள் அதைப் பெருக்கி உள்ளே கிண்ணத்தை ஆயிரக்கணக்கில் சுற்ற வைக்கும். கை அசந்தால் மணி மறுபடி அடிக்கும். எழுத்தறியாத விவசாயக் குடும்பம்கூட வேகமானி இல்லாமல் சரியான வேகத்தைப் பிடித்துக்கொள்ள இதைவிட மலிவான வழி இருக்க முடியாது. வேலை முடிந்ததும் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவ வேண்டும். கிண்ணத்தின் சுவரில் பழுப்பாக ஒரு வழவழப்பான படிவு ஒட்டியிருக்கும். பாலோடு வந்த தூசும் அழுக்கும் செல்களும் அது. ‘சுத்தமான பால்’ என்று நம்பிக்கொண்டிருந்தவர்களை அது வெட்கப்பட வைத்திருக்கும்.

இயந்திரம் பாலை மட்டும் பிரிக்கவில்லை, மனிதர்களைச் சேர்க்கவும் செய்தது. டென்மார்க்கில் அதற்கு முன்பு நல்ல வெண்ணெய் பெரிய பண்ணைகளுக்கு மட்டுமே சாத்தியம். இரண்டு மாடு வைத்திருப்பவரின் பால் ஏடு படிவதற்குள் கெட்டுப்போகும். தூரத்திலிருந்து ஆட்டிக்கொண்டு வந்த பாலில் ஏடும் சரியாகப் படியாது. சுழற்சி இயந்திரத்துக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. யார் பால், எவ்வளவு தூரம் வந்த பால் என்று பார்க்காமல் பிரித்துத் தரும். 1882-ல் மேற்கு யூட்லாந்தின் ஹ்யெடிங் கிராமத்து விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கினார்கள். 1900-க்குள் அந்தச் சிறு நாட்டில் அப்படி ஆயிரம் பண்ணைகள். கொழுப்பு நீங்கிய பாலை விவசாயிகளே திரும்ப எடுத்துப்போய்ப் பன்றிக்கு ஊற்றினார்கள். டென்மார்க்கின் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் ஒன்றாகவே இங்கிலாந்துக்குக் கப்பலேறின. (டென்மார்க் பண்ணைகளில் பல, தெ லாவலின் இயந்திரத்தை அல்ல, உள்நாட்டுப் போட்டிக் கம்பெனியான பர்மைஸ்டர் அண்ட் வெய்ன் செய்ததையே வாங்கின. காப்புரிமை உலகில் தனிக்காட்டு ராஜா என்று யாரும் இல்லை.)

தெ லாவலுக்கு இன்னொரு தொல்லை இருந்தது: வேகம். அன்றைய நீராவி இன்ஜின்கள் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே சுற்றும். கிண்ணத்துக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். வார்ப்பட்டைகளையும் பற்சக்கரங்களையும் கட்டி அழுவதைவிட, நேராக நீராவியையே பீய்ச்சி ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன என்று போனார். அப்படித்தான் அவருடைய நீராவி டர்பைன் பிறந்தது. அது 30,000 சுற்று வரை ஓடியது. அந்த வேகத்தில் தடித்த அச்சு அதிர்ந்து நொறுங்கும் என்பதால் வளையக்கூடிய ஒல்லியான அச்சைப் போட்டார். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அச்சு தானே நிதானத்துக்கு வந்து அமைதியாகச் சுற்றும். வலுவுக்குத் தடிமன் வேண்டும் என்று பழகிய பொறியாளர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

நீராவியைப் பீய்ச்சும் மூக்கில்தான் பெரிய விஷயம் ஒளிந்திருந்தது. குழாயைக் குறுக்கிக்கொண்டே போனால் நீராவி வேகமெடுக்கும். ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்கு மேல் ஏறாது. 1888 வாக்கில் தெ லாவல், குறுகிய குழாயை மறுபடி விரித்தார். விரியும் பகுதியில் நீராவி ஒலியைத் தாண்டி ஓடியது. இன்று விண்ணுக்குப் போகும் ராக்கெட் ஒவ்வொன்றின் வாலிலும் இருப்பது அந்த இடுப்பு சிறுத்த மூக்கேதான். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கும் இன்ஜின்களுக்கும் அதே வடிவம். வெண்ணெய் எடுக்கப் புறப்பட்டவர் போட்ட பாதை அது.

1892-ல் ஓர் இளம் விவசாயி அவரைப் பார்க்க வந்தார். பாலில் கொழுப்பை அளக்கத் தானே செய்த கருவியைக் காட்டினார். ஏறக்குறைய அதே மாதிரி ஒன்று தெ லாவலிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்காக அவரை விரட்டாமல், முறையாகப் பொறியியல் படித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினார். அந்த இளைஞர் குஸ்தாஃப் தாலேன். படித்து முடித்தவர் கலங்கரை விளக்குகளின் அசிட்டிலின் வாயுவைக் கட்டுப்படுத்தும் ‘சூரிய வால்வு’ செய்தார். கறுப்புப் பூசிய ஓர் உலோகத் தண்டு பகல் வெளிச்சத்தில் சூடேறி நீளும். நீண்டதும் வாயுவை அடைத்துவிடும். இருட்டினால் சுருங்கும், வாயு திறக்கும். ஆளில்லாத பாறையில் விளக்கு தானே ஏறி, தானே அணையும். 1912-க்கான இயற்பியல் நோபல் பரிசு இதற்குத்தான். பரிசு வந்த ஆண்டிலேயே ஒரு வெடிவிபத்தில் தாலேன் கண்ணிழந்தார். அதன் பிறகும் தன் கம்பெனியை அவர்தான் நடத்தினார்.

தெ லாவலின் முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. 92 சுவீடன் காப்புரிமைகள், 37 கம்பெனிகள் என்று அவர் கணக்கை எழுதுவார்கள். செப்பரேட்டரில் வந்த பணத்தை உலோகம் உருக்கும் சோதனைகளில் கொட்டித் தீர்த்தார். 1913 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் இறந்தபோது கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பணத்தைப் பிரித்து வைக்க மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அவர் இயந்திரமோ பாலோடு நிற்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வடிக்கும் ரப்பர் பாலில் ரப்பர் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதைச் சுழற்றி 60 சதவீதத்துக்கு ஏற்றினால்தான் கையுறையும் பலூனும் செய்யலாம். கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர்களுக்கு எண்ணெயிலிருந்து தண்ணீரையும் கசடையும் பிரிக்கும் ‘பியூரிஃபையர்’ தினப்படித் தலைவலி. திறந்தால் உள்ளே அதே கூம்புத் தகடுகள். ரத்த வங்கியில் ஒருவர் கொடுத்த ரத்தத்தைச் சிவப்பணுவாகவும் பிளாஸ்மாவாகவும் தட்டணுவாகவும் பிரித்து மூன்று பேருக்குக் கொடுப்பதும் சுழற்சியால்தான்.

பள்ளிப் பாடத்தில் ‘மையவிலக்கு முறை’க்குக் கிடைப்பது ஒரு பத்தியும் ஒரு மதிப்பெண்ணும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் பண்ணைக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப்போனால் இயந்திரம் ஓடும்போது காட்டாதீர்கள். மூடிய எஃகுப் பானைதான் தெரியும். பராமரிப்புக்காகக் கிண்ணத்தைக் கழற்றும் நாளைக் கேட்டு அன்றைக்குப் போங்கள். அது கிடைக்காவிட்டால், சிறிய செப்பரேட்டர் வைத்து வெண்ணெய் எடுக்கும் வியாபாரி யாராவது உங்கள் ஊர்ப்பக்கம் இருப்பார். வேலை முடிந்து தகடுகளைக் கழுவும் நேரத்தில் போனால் அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்.