திரைக்கதையின் எழுத்து வடிவம்

திரைக்கதை என்பது ஒரு திரைப்படத்தின் காட்சிகளையும் உரையாடல்களையும் படப்பிடிப்புக்கு ஏற்றவாறு எழுதி வைக்கும் ஆவணமாகும். உதவி இயக்குநர் இதைக் கொண்டே படப்பிடிப்பு அட்டவணையைத் தயாரிக்கிறார். கலை இயக்குநர் தேவையான பொருட்களைக் கணக்கெடுக்கிறார். தயாரிப்பாளர் செலவை மதிப்பிடுகிறார்.

காட்சித் தலைப்பு

ஒவ்வொரு காட்சியும் உட்புறமா வெளிப்புறமா, எந்த இடம், எந்தப் பொழுது என்று கூறும் ஒரு வரியுடன் தொடங்கும்:

காட்சி 12 – உள் – தேநீர்க் கடை – இரவு

ஒரே இடத்தை எல்லாத் தலைப்புகளிலும் ஒரே பெயரால் குறிக்க வேண்டும். இதே கடையை 40ஆம் காட்சியில் 'முருகேசன் கடை' என்று எழுதினால், அட்டவணையில் அது வேறோர் இடமாகிவிடக்கூடும். ஒரே இரவில் எடுத்து முடித்திருக்கக்கூடிய காட்சிகளுக்கு இரண்டு இரவு வாடகை கொடுக்க நேரும். கட்டுரையில் அழகு தரும் சொல் மாற்றம் இங்கே உதவாது.

நிகழ்வும் உரையாடலும்

நிகழ்வுகள் நிகழ்காலத்தில் எழுதப்படும். கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே இடம்பெற வேண்டும். "முருகேசன் கடன் தொல்லையால் மனம் நொந்திருந்தான்" என்பதைப் படமாக்க முடியாது. "முருகேசன் கல்லாவைத் திறக்கிறான். உள்ளே ஒரே ஒரு பத்து ரூபாய்த் தாள். மூடுகிறான். மீண்டும் திறந்து பார்க்கிறான்" என்பதைப் படமாக்கலாம்.

ஹாலிவுட் முறையில் பாத்திரத்தின் பெயர் தனி வரியிலும் உரையாடல் அதன் கீழும் வரும். தமிழ்த் திரையுலகில் தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நிகழ்வையும் வலப்பக்கம் வசனத்தையும் எழுதும் வழக்கமும் உண்டு.

பக்கமும் நிமிடமும்

ஆங்கிலத் திரைக்கதைகள் 12 புள்ளி அளவிலான கூரியர் எழுத்துருவில் எழுதப்படுகின்றன. தட்டச்சுப் பொறிக்காக உருவான இந்த எழுத்துருவில் எல்லா எழுத்துகளும் ஒரே அகலமுடையவை; ஓர் அங்குலத்தில் 10 எழுத்துகள் அடங்கும். தாள்களைத் துளையிட்டுக் கோப்பதற்காக இடப்பக்கம் 1.5 அங்குலம் விடப்படும். இவ்வாறு எழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது நடைமுறைக் கணக்கு. 120 பக்கம் என்றால் 2 மணி நேரப் படம்.

தமிழில் இக்கணக்கை அப்படியே நம்புவது தவறு. 'ர' என்ற எழுத்தும் 'ணொ' என்ற எழுத்தும் ஒரே அகலமுடையவை அல்ல. எழுத்துருவை மாற்றினாலே பக்க எண்ணிக்கை மாறிவிடும். எந்த மொழியானாலும், "கலவரம் மூள்கிறது" என்ற ஒற்றை வரி திரையில் ஐந்து நிமிடம் ஓடலாம் என்பது வேறு விஷயம்.

எனவே தமிழில் எழுதுவோர் முதல் 10 பக்கங்களின் வசனங்களை வாய்விட்டுப் படித்தும், நிகழ்வுகளை நடித்துப் பார்த்தும், கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தை 10ஆல் வகுத்தால், தமது தாளில் ஒரு பக்கம் எத்தனை வினாடி என்பது தெரியும். அதன் பின் திரைக்கதை முடியும் வரை எழுத்துருவையோ எழுத்தின் அளவையோ மாற்றக் கூடாது.