சுவரில் நான்கு ஜோடிக் கொம்புகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய வடகிழக்கு மூலையில், பண்ணைக் கொட்டகைகளுக்குள் சில சமயம் இப்படியொரு வரிசையைப் பார்க்கலாம். ஆணியில் மாட்டிய நான்கு ஜோடி மான்கொம்புகள். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே பென்சிலில் எழுதிய ஆண்டு. முதல் ஜோடி சிறியது. அடுத்தடுத்தவை கனத்துக்கொண்டே போகின்றன. நான்கும் ஒரே மானுடையவை. அந்த மான் சாகவில்லை. அடுத்த ஜோடியைத் தலையில் சுமந்துகொண்டு, கொட்டகைக்குப் பின்னாலுள்ள ஓக் மரச் சரிவில் எங்கோ படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

அது வெள்ளைவால் மான். கனடாவின் தென்பகுதியில் தொடங்கித் தென் அமெரிக்காவின் பெரு வரை பரவியிருக்கும் இனம். மிரண்டு ஓடும்போது வாலைச் செங்குத்தாகத் தூக்கும்; வாலின் அடிப்பக்க வெண்மை ஒரு கைக்குட்டை வீசியதுபோலத் தெரியும். ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் சொல்லத் தொல்காப்பிய மரபியல் காலந்தொட்டு நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரைக்கும் அவையே போதும்.

ஒரேயொரு முதிர்ந்த கலையை அடையாளம் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு பருவங்கள் பின்தொடர்ந்து வேட்டையாடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வேட்டை என்றதும் நமக்குத் துப்பாக்கிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். இவர்கள் செய்வதில் பெரும்பங்கு, கைக்கெட்டும் தூரத்தில் வந்த மானைச் சுடாமல் விடுவது. அப்படி விட்டுவிட்டு அதைப் பற்றித் தெரிந்துகொள்வது. அந்த அறிவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

சுவரிலிருக்கும் கொம்பிலிருந்தே தொடங்கலாம். கொம்பு என்ற ஒரு சொல்லால் நாம் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோடியக்கரை வெளிமானுக்கும் உள்ளது ஒரு வகை: உள்ளே எலும்பு, வெளியே நகம் போன்ற உறை, ஆயுளுக்கும் அதே கொம்பு. நம் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இந்த வெள்ளைவால் மானுக்கும் உள்ளது முழுக்க முழுக்க எலும்பு. அது முளைக்கும், முற்றும், விழும், மறுபடி முளைக்கும். வெள்ளைவால் கலையின் தலையில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. ஏப்ரல் வாக்கில் பகல் நீளும்போது முளைவிடுகிறது. கோடை முழுக்க மெல்லிய மயிர்த்தோல் ஒன்று அதைப் போர்த்தியிருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், கீறினால் இரத்தம் வரும். பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு விரைவாக வளரும் எலும்பு வேறு கிடையாது. தீனியிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச்சத்து போதாமல், தன் விலா எலும்புகளிலிருந்தே கடன் வாங்கிக் கலை கொம்பைக் கட்டுகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் தோல் உரிந்து, கொம்பு இறுகிவிடும். இனச்சேர்க்கைக் காலம் முடிந்து ஆண் சுரப்புநீர் குறைந்ததும், கொம்பின் அடிப்பகுதி தளர்ந்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஏதோ ஒரு நாள் கழன்று விழும்.

பனி உருகும் நாட்களில் இந்தக் கழன்ற கொம்புகளைத் தேடி நடப்பதே அங்கே ஒரு தனிப் பழக்கம். எலியும் அணிலும் சுண்ணாம்புச்சத்துக்காகக் கொறித்துத் தின்பதற்கு முன் எடுத்தாக வேண்டும். வலது கொம்பு சோளத்தட்டைக்கு நடுவிலும், இடது கொம்பு அரை மைல் தள்ளி ஓடைக்கரையிலும் கிடக்கலாம். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தால் ஒரே மானுடையதா என்று தெரிந்துவிடும். கிளை பிரியும் இடம், அடிக்கிளையின் வளைவு, ஓரத்தில் துருத்தும் சிறு முள் போன்ற அடையாளங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்தில் திரும்ப வருகின்றன. பின்னங்கால் அடிபட்ட கலைக்கு எதிர்ப்பக்கத்துக் கொம்பு கோணலாக வளர்வதும் உண்டு. கொம்பு கிடைத்துவிட்டது என்றால், அந்த மான் வேட்டைப் பருவத்தைக் கடந்து உயிரோடு இருந்தது என்று பொருள்.

கொம்பின் கிளைகளை எண்ணி வயது சொல்ல முடியும் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. கிளையின் எண்ணிக்கை தீனியையும் பரம்பரையையும் பொறுத்தது. வயதைச் சொல்வது உடம்பு. ஒன்றரை வயதுக் கலை, பிணைக்குக் கொம்பு ஒட்டவைத்தது போலிருக்கும்: மெல்லிய கழுத்து, நீண்ட கால். மூன்றரை வயதில் மார்பு இறங்கிப் பந்தயக் குதிரையின் வாகு வந்துவிடும். ஐந்தரையைத் தாண்டினால் வயிறு தொய்கிறது, முதுகு குழிகிறது, உடல் கனத்தால் கால்கள் குட்டையாகத் தெரிகின்றன. நவம்பரில் கழுத்து வீங்கி மார்போடு ஒன்றாகிவிடும். எடை நூறு கிலோவைத் தாண்டும். சந்தையில் நடையையும் திமிலையும் பார்த்தே காளையின் வயதைச் சொல்லும் பெரியவருக்கு உள்ள கண்தான் இங்கேயும் வேண்டும். அந்தக் கண் இருப்பவர்தான், கிளை பரப்பிய அழகான கொம்போடு மூன்று வயதுக் கலை இருபதடியில் நிற்கும்போது வில்லைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வயதை எட்டுவது மானுக்கு எளிதல்ல. ஒன்றரை வயதில் இளங்கலைகளில் கணிசமானவை பிறந்த இடத்தை விட்டுப் பல மைல் தள்ளிப் போய்விடுகின்றன. பழக்கமில்லாத சாலை, பழக்கமில்லாத வேலி. வேட்டையில் விழுபவற்றில் இந்த வயதுக் கலைகள் நிறைய. தப்பியது ஓரிடத்தில் நிலைகொள்கிறது. பொதுவாக அது ஒரு சதுர மைல் அளவு, அதாவது 640 ஏக்கர். அந்த ஏக்கர்களுக்குள் எந்த ஓக் மரம் எப்போது காய் உதிர்க்கும், எந்த வயலில் சோயா மொச்சை நிற்கிறது, எந்தக் கதவு திறக்கும் சத்தத்துக்குப் பின் மனிதன் எந்தப் பக்கம் நடப்பான் என்பதெல்லாம் அதற்குப் பாடம். ஜிபிஎஸ் பட்டை கட்டி நடத்திய ஆய்வுகளில், வேட்டை தொடங்கியதும் முதிய கலைகள் பகலில் வெட்டவெளிக்கு வருவதைக் குறைத்துக்கொள்வது தெரிந்திருக்கிறது. அவை ஊரை விட்டு ஓடுவதில்லை. அதே 640 ஏக்கருக்குள் கண்ணில் படாமல் வாழ்கின்றன.

அதன் கண், நீலத்தைக் கூர்மையாகவும் செம்மஞ்சளை மங்கலாகவும் பார்க்கும். அதனால்தான் துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேற்சட்டை போட வேண்டும் என்று சட்டம் சொல்ல முடிகிறது: மனிதனுக்குப் பளிச்சென்று தெரியும், மானுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் மூக்கை ஏமாற்ற வழியில்லை. முதிய கலை படுக்குமிடத்தைப் பாருங்கள். சரிவின் மேற்பகுதியில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி படுத்திருக்கும். பின்னால் வருவது எதுவானாலும் மூக்குக்குத் தெரியும், முன்னால் வருவது கண்ணுக்குத் தெரியும். வெயில் ஏறினால் பள்ளத்துக் காற்று சரிவு வழியே மேலே வரும். மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். வேட்டைக்காரரும் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். காற்று தவறான திசையில் வீசும் நாளில், விடுப்பு எடுத்திருந்தாலும் அந்த மரத்துக்குப் போகக் கூடாது. ஒருமுறை வாசனை பிடித்துவிட்டால் அந்த இடத்தைப் பகலில் மறந்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவு எச்சரிக்கையும் நவம்பரில் ஆட்டம் காண்கிறது. பகல் சுருங்கும் அளவை மூளை கணக்கிட்டு, இனச்சேர்க்கைக் காலத்தைத் தொடங்கிவைக்கிறது. பிணை சுமப்பது சுமார் 200 நாள்; நவம்பரில் சேர்ந்தால்தான் குட்டி மே இறுதியில், ஜூனில், பச்சைப் புல்லில் விழும்.

அந்த நாட்களில் காட்டுப் பாதையோரம் ஓர் அடையாளத்தைக் குனிந்து பார்க்கலாம். தாழ்ந்த கிளை ஒன்று. அதற்கு நேர் கீழே இரண்டு மூன்று அடி அகலத்துக்கு இலைச்சருகு ஒதுக்கப்பட்டு, ஈர மண் சுரண்டப்பட்டிருக்கும். கலை முதலில் கிளை நுனியை வாயில் கவ்வி, நெற்றியையும் கண்ணோரத்தையும் அதில் தேய்க்கிறது. பிறகு முன்காலால் மண்ணைக் கிளறுகிறது. பின்னங்கால்களின் உள்மூட்டைச் சேர்த்துவைத்து, அங்கே உள்ள மயிர்க்கற்றை நனைய அதன்மேல் சிறுநீர் விடுகிறது. நெற்றியில் ஒரு சுரப்பி, கண்ணோரத்தில் ஒன்று, குளம்புக்கு நடுவே ஒன்று, மூட்டில் ஒன்று என எல்லாவற்றின் வாசனையும் அந்த ஓரிடத்தில் பதிகிறது. அடுத்து வரும் மானுக்கு, வந்துபோனது எது என்று அது சொல்லும். பக்கத்தில் தொடையளவு பருமனுள்ள மரம் ஒன்று பட்டை உரிந்து மஞ்சளாகத் தெரிந்தால், பெரிய கலை கொம்பைத் தேய்த்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சிறியவை பெரும்பாலும் மெல்லிய மரக்கன்றுகளோடு நின்றுவிடும்.

பிணையைத் தேடி அலையும் இந்த இரண்டு மூன்று வாரத்தில் கலை சரியாகத் தின்னாது, ஐந்தில் ஒரு பங்கு எடையை இழந்துவிடும். பகலிலும் நடக்கும். ஆண்டு முழுவதும் காத்திருந்தவருக்குக் கிடைக்கும் வாசல் இதுதான். அயோவாவில் இந்த நாட்களில் வில்லுக்குத்தான் அனுமதி. துப்பாக்கிப் பருவம் பெரும்பாலும் டிசம்பரில் வருகிறது. மயக்கத்தில் திரியும் கலைகள் துப்பாக்கிக்குத் தப்பிவிடுவது, அந்த மாநிலத்தில் முதிய கலைகள் நிறைய இருப்பதற்கு ஒரு காரணம். வெளிமாநிலத்தார் அங்கே கலையை வில்லால் வேட்டையாடக் குலுக்கலில் அனுமதிச்சீட்டு கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

வில் என்றால் மூங்கிலும் நாணும் மட்டுமல்ல. மிசூரி மாநிலத்தின் ஹோலிஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லில், இரு முனையிலும் உருளைகள் இருக்கும். இழுக்கத் தொடங்கும்போது முப்பது கிலோ எடை தெரியும். முழுதும் இழுத்த பின் அதில் சிறு பங்குதான் கையில் நிற்கும், குறி பார்த்துக் காத்திருக்கலாம். அப்படியும் நம்பிக்கையோடு எய்யும் தூரம் இருபது முப்பது கஜம். இருபதடி உயரத்தில் மரத்தில் கட்டிய சிறு பலகையில், இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டையோடு, விடியலுக்கு முன்பிருந்தே அசையாமல் இருக்க வேண்டும். கலையின் கண் ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் அந்த நொடியில்தான் நாணை இழுக்கலாம். குறி தோளுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில். எய்தபின் உடனே இறங்கி ஓடக் கூடாது. அரைமணி நேரமாவது காத்திருந்து இரத்தத்தைப் படிக்க வேண்டும். இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சை கலந்து நாறினால் குடல். அப்போது பல மணி நேரம் விட்டுப் பிறகுதான் தேட வேண்டும். தவறான கோணத்தில் நிற்கும் மான்மீது எய்யாமல் விடுவதை நல்ல வேட்டைக்காரர்கள் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள். அது நியாயம்.

வேட்டையைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு இது உறுத்தலாம். அங்கே வரலாறு வேறு. தோலுக்கும் சந்தை இறைச்சிக்கும் கொன்று குவித்ததில், 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சில லட்சம் வெள்ளைவால் மான்களே மிஞ்சியிருந்தன. அயோவா 1898இல் மான் வேட்டையை மூடியது; மறுபடி திறந்தது 1953இல். 1937இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையின் வரியை மாநில வனவுயிர்த் துறைகளுக்கே ஒதுக்கியது. இன்று மான்கள் சுமார் மூன்று கோடி. அயோவாவில் அவற்றைக் கட்டுக்குள் வைக்க ஓநாயும் பூமாவும் போதிய எண்ணிக்கையில் இல்லை. பயிரும் கார்களும் பாதிக்கப்படுகின்றன. வேட்டையாடிய மானின் இறைச்சியை விற்க முடியாது. தின்னலாம், கொடுக்கலாம். பசியால் வாடுவோருக்கு அதைச் சேர்க்க மாநில இயற்கை வளத் துறையே ஒரு திட்டம் நடத்துகிறது.

இரண்டு விஷயங்கள் இந்த வேட்டையின் முகத்தை மாற்றுகின்றன. ஒன்று, மரத்தில் கட்டிய கேமரா. ஒருகாலத்தில் வாரம் ஒருமுறை போய்ப் படத்தை எடுத்துவந்தார்கள். இப்போது மான் நடந்த அடுத்த நிமிடம் படம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அரிசோனா 2022 முதல் வேட்டைக்குக் கேமரா வைப்பதையே தடைசெய்துவிட்டது. அது சரியென்றே நினைக்கிறேன். மான் இப்போது எங்கே நிற்கிறது என்று வீட்டில் இருந்தபடி தெரிந்துகொண்டால், காற்றையும் மண்ணையும் படிக்கும் அறிவுக்கு வேலை இல்லை.

மற்றது நோய். 1967இல் கொலராடோவில் முதலில் தென்பட்டது, மூளையைத் துளைத்து மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் நோய் அது. உருக்குலைந்த புரதமொன்றால் வருகிறது. எச்சிலிலும் சிறுநீரிலும் பரவுகிறது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது, மருந்து இல்லை. 2002இல் விஸ்கான்சினுக்கும், 2013 பருவத்தில் அயோவாவின் வடகிழக்கு மூலைக்கும் வந்துசேர்ந்தது. பிணைகளைவிட முதிர்ந்த கலைகளில்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கலையை முதிர விடுவதை அறமாகக் கொண்டவர்களுக்கு இது கசப்பான செய்தி. நோய் உள்ள வட்டாரங்களில் பழைய பிடிவாதத்தைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைத் தின்ன வேண்டாம் என்கிறது மருத்துவத் துறை.

ஆகவே இன்று அந்தப் பகுதியில் ஒரு முதிய கலை விழுந்தால், அதன் உடலிலிருந்து இரண்டு சிறு துண்டுகள் ஆய்வகத்துக்குப் போகின்றன. தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணு, நோயைப் பார்க்க. ஒரு முன்பல், வயதைப் பார்க்க. பல்லின் வேரை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், குளிர்காலத்துக்கு ஒன்றாகக் கருங்கோடுகள் தெரியும். கொட்டகைச் சுவரில் நான்கு ஜோடி விட்டுச்சென்ற கலையின் பல்லில் ஆறு கோடுகள் இருந்தால் கணக்குச் சரி: கொம்பே முளைக்காத குட்டிப்பருவத்துக்கு ஒன்று, யார் கண்ணிலும் படாத முதல் கொம்போடு கழிந்த குளிருக்கு ஒன்று, மீதி நான்கும் சுவரில்.