எலிக் காய்ச்சலும் முதல் வார இரத்தப் பரிசோதனையும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆலயத் திருப்பணியிலும் துப்புரவுத் தொண்டிலும் ஈடுபடும் அன்பர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு நோயைப் பற்றி, மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில வார்த்தைகள் எழுத விழைகிறேன்.

என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் கால்வாய் வெட்டும் வேலை பார்த்தவர். 1974ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கண்கள் சிவந்தன, கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலித்தது. ஆறாம் நாள் உடல் மஞ்சள் பூத்தது. ஒன்பதாம் நாள் இறைவனடி சேர்ந்தார். எலிக் காய்ச்சல் என்ற ஆய்வு முடிவு, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து பல வாரங்கள் கழித்தே எங்களுக்குக் கிடைத்தது. யாரையும் குறை கூறுவதற்கில்லை. அன்றிருந்த சோதனை அத்தகையது.

இந்நோயை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவக் கிருமி. எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் வழியாகத் தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்து, கால் வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் ஆகியவற்றின் வழியே உடலுள் புகுகிறது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். டிங்கிக் காய்ச்சல் போலவே தோன்றுவதால் ஏமாந்துவிடுவது எளிது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு முதல், சுகாதார அதிகாரிகளுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களுள் இதுவும் ஒன்று.

பழைய முறைகள் இரண்டு. இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது ஒன்று. அதற்குப் பல வாரங்கள் ஆகும். கிருமியை எதிர்த்து நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது மற்றொன்று. அது போதிய அளவு உருவாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். உறுதி செய்ய, சுமார் இரண்டு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டும்.

பி.சி.ஆர். எனப்படும் மரபணுச் சோதனையோ கிருமியையே தேடுகிறது. முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் உலவும். அதன் மரபணுவில் அதற்கே உரிய ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, சூடேற்றியும் ஆற்றியும் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றுகளில் நூறு கோடிக்கு மேல் பெருகும். சில மணி நேரத்தில் விடை தெரியும். 1983இல் இம்முறையைக் கண்ட கேரி மல்லிஸ் 1993இல் நோபல் பரிசு பெற்றார்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வட்டாரத்தில் ஆலயக் கால்வாயைச் சுத்தம் செய்த இளைஞர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாளே மருத்துவரிடம் சென்று, சேற்றில் இறங்கியதைச் சொன்னார். மருத்துவர் இரத்தம் எடுத்தனுப்பிவிட்டு உடனே மருந்தைத் தொடங்கினார். மறுநாளே முடிவு வந்தது: எலிக் காய்ச்சல். அடுத்த ஆண்டு அவர் காவடி எடுத்ததைக் கண்டபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன்.

ஆயினும் ஒன்று. முதல் வாரம் கடந்தால் இரத்தத்தில் கிருமி குறைந்துவிடும். அப்போது இச்சோதனை ‘இல்லை’ என்று காட்டினாலும் நோயில்லை என்று பொருளன்று. எதிர்ப்பொருள் சோதனையையும் நாட வேண்டும்.

ஆகவே அன்பர்களே, தொண்டுக்கு இறங்குமுன் ரப்பர் சப்பாத்தும் கையுறையும் அணியுங்கள், காயங்களை மூடுங்கள். அதன்பின் ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் சென்று, சேற்றில் இறங்கியதை மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லே சரியான சோதனைக்கு வழிகாட்டும். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நல்லுடல் நலம் அருள்வானாக.