ஹவாலாவும் கடன் அட்டை நிலுவை மாற்றமும்

ஹிதாயாவில் ஹவாலா பற்றிய பாடத்தை ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தபோது, ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கத்திலிருந்து வந்து ஓதும் மாணவர் ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவருடைய தமையனார் பெங்களூரில் பணிபுரிகிறார். கடன் அட்டையில் 60,000 ரூபாய் நிலுவை. அதனைத் தன் அட்டைக்கு மாற்றிக்கொண்டால் வட்டி குறைவு என்று மற்றொரு வங்கி அவரை அழைத்துக்கொண்டே இருக்கிறது. "உஸ்தாத், இதுவும் ஹவாலாதானே?" என்றார் மாணவர். அன்று நான் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரிக்கிறேன்.

ஹவாலா என்றதும் நாளிதழ் படிப்போர் நினைவுக்கு வருவது சட்டவிரோதப் பணப் பரிமாற்றம். நம் கடற்கரை ஊர்களில் உண்டியல் எனப்படுவது. ஃபிக்ஹுக் கலையில் அச்சொல்லின் பொருள் வேறு. ஒருவர் மீதுள்ள கடனை மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றுவதே ஹவாலா. கடனை மாற்றிவிடுபவர் முஹீல்; கடன் கொடுத்தவர் முஹால்; பொறுப்பை ஏற்பவர் முஹால் அலைஹி. செல்வமுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநீதி என்றும், வசதியுள்ள ஒருவரிடம் பெற்றுக்கொள்ளும்படி மாற்றிவிடப்பட்டால் கடன் கொடுத்தவர் அதனை ஏற்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸே இதற்கு அடிப்படை. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது.

பொறுப்பேற்பவர் முஹீலுக்கு ஏற்கெனவே கடன்பட்டவராக இருக்க வேண்டும், இரு கடன்களும் அளவிலும் தவணையிலும் ஒத்திருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. வட மாவட்டங்களில் பெருவாரியாகப் பின்பற்றப்படும் ஹனஃபீ மத்ஹபோ, கடன்படாதவர் மீதும் ஹவாலா செய்யலாம் என்கிறது. முஹீல் கேட்டுக்கொண்டபடி அவர் செலுத்தியபின் அவ்வளவையே முஹீலிடமிருந்து திரும்பப் பெறலாம். கவனிக்கவும்: அவ்வளவையே. ஒரு காசு மிகுதியாகப் பெறுவதாக ஒப்பந்தம் செய்தாலும் அது ரிபாவாகிவிடும்.

இந்த அளவுகோலைக் கொண்டு வங்கிகள் செய்வதைப் பார்ப்போம். ஹவாலாவில் கடன் கொடுத்தவர் மாறுவதில்லை. கடன் சுமப்பவர் மாறுகிறார். முஹீலின் திம்மா, அதாவது அவர் கழுத்திலிருக்கும் பொறுப்பு, விடுபடுகிறது. நிலுவை மாற்றத்தில் நடப்பது நேர் எதிரானது. சுமக்கும் கழுத்து அதேதான். கடன் கொடுத்தவர் மட்டும் மாறுகிறார். புதிய வங்கி பழைய வங்கிக்குச் செலுத்திய தொகையை வட்டியும் கட்டணமும் சேர்த்து அதே மனிதரிடம் வசூலிக்கிறது. ஹனஃபீ மத்ஹபின் விரிவான ஹவாலாவுக்குள் இதனைக் கொண்டுவர முயன்றாலும், அந்த மிகுதி குறுக்கே நிற்கும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். செங்கம் கடைவீதியில் யாரும் ஆண்டுக்கு 36 விழுக்காடு என்று சொல்வதில்லை; மூன்று வட்டி என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். கடன் அட்டைகள் பலவற்றின் வட்டி மாதம் 3.5 விழுக்காடு அல்லது அதனை ஒட்டியது. ஊர்வழக்கில் மூன்றரை வட்டி, ஆண்டுக்கு 42. அந்தத் தமையனாரின் 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,100. அவ்வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 378 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று 5 விழுக்காட்டைக் கணக்கிட்டு 3,000 ரூபாய் செலுத்தினால், அசலில் கழிவது 522 ரூபாய் மட்டுமே. நிலுவையை முழுமையாகச் செலுத்தாதவருக்கு வட்டியில்லாக் காலம் என்ற சலுகையும் போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும். இந்த விவரம் தெரியாமலே பலர் அட்டையைத் தொடர்ந்து தேய்க்கிறார்கள்.

இப்போது நிலுவை மாற்றம். ஆறு மாதத்திற்கு ஒரு வட்டி, நடைமுறைக் கட்டணம் 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கட்டணமும் அதற்குரிய வரியுமாக 1,416 ரூபாய் தொடக்கத்திலேயே ஏறுகிறது. மாதம் 3,000 வீதம் செலுத்தி வந்தால் ஆறு மாத முடிவில் ஏறத்தாழ 47,000 ரூபாய் எஞ்சும். அதன்பின் பழைய மூன்றரை வட்டி திரும்பிவிடும். ஓரளவு இலாபந்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய அட்டையில் 60,000 ரூபாய்க்கான வரம்பு காலியாகித் திறந்து கிடக்கிறது. பண்டிகையோ திருமணமோ வந்தால் கை அங்கேதான் போகும். ஒரு கடனாளி இரு கடனாளியாவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

தவணை முடிந்ததும் செலுத்துகிறாயா, கூட்டித் தருகிறாயா என்று கடன்பட்டவரைக் கேட்பதே அறியாமைக் காலத்து ரிபா என்பதை ஸைத் இப்னு அஸ்லம் (ரஹ்) வாயிலாக இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். கடன் அட்டையின் மாதக் கணக்குச் சீட்டு அந்தக் கேள்வியை நாகரிக மொழியில் கேட்கிறது. 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமி, வட்டி நிபந்தனை உள்ள கடன் அட்டையைப் பெறுவது, தவணைக்குள் செலுத்திவிடும் எண்ணம் இருப்பினும் கூடாது என்று தீர்மானித்தது. கணக்கிலுள்ள பணத்தையே எடுக்கும் டெபிட் அட்டை இதில் அடங்காது.

நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் எதுவரை துணை வரும்? மீட்டர் வட்டியையும் கந்து வட்டியையும் தமிழ்நாடு 2003-இல் தனிச்சட்டம் இயற்றித் தடுத்தது. கடன் அட்டை நிலுவைக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. வட்டிக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம் ஆணையத்திற்கு இல்லை என்று 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. கடைவீதிக்காரரின் மூன்று வட்டி பழிக்கப்படுவதும், குளிரூட்டிய அறையிலிருந்து வரும் மூன்றரை வட்டி மதிக்கப்படுவதும் எனக்கு விளங்காத ஒன்று.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர் என்ன செய்வது? இரு கேடுகளில் இலகுவானதைத் தேர்வது என்ற விதியின் கீழ், வேறு வழியே இல்லாதவர் மூன்றரையிலிருந்து ஒன்றுக்கு இறங்கலாம் என்று சொல்ல இடமுண்டு என்பது என் கருத்து. இதனைப் பொது அனுமதியாக எவரும் கொள்ள வேண்டாம். அறுமாதத்திற்குள் அடைத்துவிடும் திட்டம் கையில் இருக்க வேண்டும். பழைய அட்டையை அன்றே மூடிவிட வேண்டும். வேறு வழி இல்லை என்று சொல்லுமுன், உண்மையிலேயே தேடிப் பார்த்தோமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ஹவாலா பாடத்தில் சேர்த்திருக்கும் மற்றொரு நிகழ்ச்சியை ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இறந்தவர் மீது மூன்று தீனார் கடன்; விட்டுச் சென்றதோ எதுவுமில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விலகிக்கொண்டார்கள். அக்கடன் என் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) முன்வந்தார்கள். அதன் பிறகே தொழுகை நடந்தது. உண்மையான நிலுவை மாற்றம் அது. கழுத்து மாறியது, கட்டணமும் இல்லை, மிகுதியும் இல்லை.

அபூகதாதாக்களை நம் ஜமாஅத்துகளில் தேடலாம். கடன்பட்டோர், அல்ஃகாரிமீன், ஸகாத் பெறுவோரில் ஆறாவது வகையாகத் தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் கூறப்படுகின்றனர். கடனைக் கழித்தபின் எஞ்சும் செல்வம் நிஸாபை எட்டாதவருக்கு ஸகாத் கொடுக்கலாம் என்பது ஹனஃபீ மத்ஹபின் சட்டம். அதனை அவர் கையில் உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும். அல்லது அவர் சொற்படி கடன்காரருக்குச் செலுத்தலாம். அவர் அறியாமல் வங்கியில் கட்டிவிட்டால் ஸகாத் நிறைவேறாது. பைத்துல்மால் பொறுப்பாளர்கள் பலர் இந்த நுட்பத்தைக் கவனிப்பதில்லை. ஸகாத்துக்கு உரியவரல்லாத வருவாய்க்காரருக்கு அழகிய கடன் வழங்கலாம்.

அந்தச் செங்கத்துத் தமையனார் பின்னதையே நாடினார். உறவினர் மூவர் 20,000 வீதம் கொடுத்தனர். இரண்டாவது வசனத் தொடரான பகராவின் 282-ஆம் வசனம் பணிப்பதுபோல் எழுத்தும் சாட்சியும் வைத்துக்கொண்டு, மாதம் 5,000 திருப்பிச் செலுத்த இசைந்தார், பன்னிரண்டு மாதம். வட்டிக்குப் போயிருக்கும் பணமும் அசலிலேயே கழிகிறது. நிலுவை முழுவதும் தீர்ந்தபின் அட்டையை மூடக் கோரினால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. அவர் விண்ணப்பத்தை எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகையை வாங்கி வைத்திருக்கிறாராம்.