இருபது லிட்டருக்கு நானூறு கிராம்

கருத்த பீர் என்றால் போதை கூடுதல் என்று நினைப்பவர்கள் நிறைய. டப்ளின்காரர்களின் கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், பொன்னிறமாக மின்னும் பல லாகர்கள் அதைவிடக் காட்டமானவை. கருப்பு வருவது வேறு இடத்திலிருந்து: பானையில் விழும் தானியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, கருக வறுத்தது.

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சுமார் 80 டிகிரி செல்சியஸில் உலர்த்தினால் வெளிர் மால்ட். ஒன்றைக் கடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு, லேசான தித்திப்பு. அதையே 220, 230 டிகிரி வரை வறுத்தால் உமியிலிருந்து நடுமணி வரை கருத்துவிடும். பல்லில் பட்டதும் மொறுக்கென்று நொறுங்கி, காப்பிக்கொட்டை போலக் கசக்கும். கொஞ்சம் முன்னதாகவே இறக்கிவிட்டால் சாக்லேட் மால்ட். பெயர்தான் அப்படி, சாக்லேட் ஒரு துளியும் கிடையாது. முளைகட்டாமலே வறுக்கும் பார்லியும் உண்டு. கின்னஸின் நிறம் அதனுடையது.

வறுப்பில் மணம் கூடுகிறது, நொதிகள் செத்துப்போகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பவை அந்த நொதிகள். சர்க்கரை இருந்தால்தான் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்கும். அதனால் கருப்பு மால்ட்டை மட்டும் வெந்நீரில் போட்டால் கசப்புக் கஷாயம்தான் மிஞ்சும். உழைப்பு முழுக்க வெளிர் மால்ட்டினுடையது.

இந்தப் பங்கீட்டுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனின் போர்ட்டர் பீருக்குப் பழுப்பு மால்ட்தான் அடிப்படை. சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கைக்கு வந்ததும், பழுப்பு மால்ட் தரும் சர்க்கரை குறைவு, கொடுக்கும் காசுக்குக் கட்டாது என்று தெரிந்துபோயிற்று. வெளிர் மால்ட்டுக்குத் தாவினார்கள். நிறத்துக்கு என்ன செய்வது? சர்க்கரையைக் கருக்கிக் கலந்தார்கள். 1816-இல் வந்த சட்டம் அதற்கும் பூட்டுப் போட்டது. மறு ஆண்டே டேனியல் வீலர் என்பவர், நெருப்பின் மேல் சுழலும் இரும்பு உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கருப்பு மால்ட்டை இன்றும் ‘பேட்டண்ட் மால்ட்’ என்பது அதனால்தான்.

பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் வடிக்கலாம்; அமெரிக்காவில் 1979 முதல். (தமிழ்நாட்டில் அது குற்றம், இங்கே படிப்பதோடு சரி.) அங்கே வீட்டில் வடிப்பவர்கள் ஸ்டவுட் என்னும் கருத்த பீர் இருபது லிட்டருக்குச் சுமார் நாலு கிலோ தானியம் எடுத்தால், அதில் வறுத்தது நானூறு கிராம். அதைத் தாண்டினால் சாம்பல் குடித்த மாதிரி இருக்கும்.

அளவைவிடத் தண்ணீர் படுத்தும் பாடுதான் அதிகம். வறுத்த மால்ட் ஊறலில் புளிப்பை ஏற்றும். நொதிகளுக்குப் பிடித்த பிஎச் 5.2 முதல் 5.6 வரை. டப்ளின், லண்டன் தண்ணீரில் கார்பனேட் மிகுதி. கருப்பு மால்ட்டின் புளிப்பை அது ஈடுகட்டிவிடும். அந்த ஊர்களில் கருத்த பீர் தழைத்ததில் தண்ணீருக்கும் பெரிய பங்கு உண்டு. வடிகட்டிய மென்னீரில் செய்கிறவர்கள் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கிறார்கள்.

உமியிலிருந்து இறங்கும் காரல்தான் அடுத்த தொல்லை. மாவாக அரைத்தால் கூடும். சிலர் வறுத்த மால்ட்டை மட்டும் தனியாக இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்த கருஞ்சாற்றைக் கொதியின் கடைசியில் ஊற்றுகிறார்கள். மணமும் நிறமும் வந்துவிடும், காரல் பெரும்பாலும் சக்கையோடு போய்விடும். எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுவது இந்த வழிதான். செலவு செய்யத் தயாரானவர்களுக்கு ஜெர்மனியின் பாம்பர்க் நகரத்து வையர்மன் ஆலை, உமி நீக்கியே வறுத்த ‘காராஃபா ஸ்பெஷல்’ விற்கிறது. வீட்டு அடுப்பில் தானே வறுத்துக்கொள்கிறவர்கள், புகைநெடி அடங்கட்டும் என்று ஓரிரு வாரம் காகிதப் பையில் போட்டு வைத்த பிறகே அதைத் தொடுகிறார்கள்.