'தாயகம் திரும்பியோர்', 'அகதி': வடசென்னையில் இரு சொற்களின் பயன்

எண்ணூரில் பர்மா நகர் என்னும் குடியிருப்பு உண்டு. அதற்குத் தென்மேற்கே புழலிலும், வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் ஈழத்திலிருந்து வந்தோர் வாழும் முகாம்கள் உள்ளன. கடல் கடந்து வந்த தமிழர் என்னும் வகையில் இரு சாராரும் ஒப்பர். ஆயின் அரசு ஆவணங்கள் முன்னவரைத் 'தாயகம் திரும்பியோர்' என்றும், பின்னவரை 'அகதிகள்' என்றும் எழுதின. ஓர் இளைஞன் எத்தொழிலுக்குச் செல்லலாம், அவன் மகவு எந்நாட்டுக் குடிமகவு என்பவற்றை இச்சொல் வேறுபாடே முடிவு செய்தவாற்றை ஈண்டு விளக்குவாம்.

அகதி என்பது வடசொல். கதி, செல்லும் வழியையும் புகலையும் குறிக்கும். அஃது இல்லாதவர் அகதி. இதற்கு ஈடாக இன்று வழங்கும் 'ஏதிலி', ஏதும் இல்லாதவர் எனப் பொருள்படுகின்றது. சங்கச் செய்யுட்களிலோ 'ஏதிலார்' அயலாரையே சுட்டும். முகாமில் பிறந்து தமிழ் வழியே பயின்ற இளைஞர்க்குச் சட்டம் தருவது இப்பழம்பொருளேயாம்.

பர்மாவில் 1948இல் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பெற்றது. இந்திய வழியினருள் பலர் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தோருள்ளும் பலர் விடையின்றிக் காத்திருந்து, அயல்நாட்டார் பதிவுச் சீட்டுடன் வாழ்ந்தனர். 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. கைப்பொருள் இழந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியோர்க்கு இந்தியக் குடிமக்கள் என்னும் தகுதியொன்று எஞ்சியிருந்தது. அதனால் கடனும் மனையும் கேட்க முடிந்தது. 1969இல் பர்மா பஜார் தோன்றியது. எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் பணி நாட அவர்தம் பிள்ளைகட்குச் சட்டத்தடை இல்லை.

இவ்விரு சொற்களும் ஒரே மனிதர்மேல் மோதுவது மலையகத் தமிழர் வரலாற்றிலாம். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்குமென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பெற்றனர். தோட்டத் தொழிலாளரைத் தலையெண்ணிப் பங்கிட்டோர் அத்தொழிலாளரைக் கேட்டிலர் என்பதை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். விண்ணப்பம், கடவுச்சீட்டு, சேமநிதி என ஆண்டுகள் கழிந்தன. 1983இல் இனக்கலவரம் மூண்டது; 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற்போக்கு நின்றது. உடன்படிக்கையின்படி இந்தியா வரவேண்டிய குடும்பங்களுள் சில படகேறி வந்தன. கப்பலில் வந்திருப்பின் தாயகம் திரும்பியோர். படகில் வந்தமையின் அகதிகள்.

இத்தாமதத்தின் சுமை அடுத்த தலைமுறைமேல் விழுந்தது. இந்தியச் சட்டப்படி, 1987 சூலை 1க்கு முன் இந்நாட்டில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாதல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதலோ, மற்றவர் சட்டத்திற்குப் புறம்பாக வந்தவராகவும் இருத்தலாகாது. எனவே ஒரு தாய் வயிற்று மக்களுள் 1986இல் பிறந்த தமக்கை குடிமகள். 1988இல் பிறந்த தம்பி அல்லன். முகாம்ப் பெண்ணொருத்தி உள்ளூர் இளைஞனை மணந்தாலும், அவள் மகவின் குடியுரிமை ஐயத்திற்கு உள்ளாகும். பொறியியற் பட்டம் பெற்ற இளைஞரும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவியலாது, கடவுச்சீட்டின்றி அயல்நாட்டு வேலையும் நாடவியலாது, வீடுகட்கு வண்ணம் பூசும் நாட்கூலி வேலைக்குச் செல்லுதல் முகாம்களில் அரிதன்று.

மலையக வழியினர் சிலர் தொடுத்த வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 சூன் 17இல் அவர்தம் விண்ணப்பங்களின்மேல் 16 வாரங்களுக்குள் முடிவு செய்யுமாறு மைய அரசைப் பணித்தது. அவ்வாண்டே இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. அகதி என்னும் சொல் பெயர்ப்பலகையினின்று நீங்கிற்று. 2025 செப்டம்பரில் மைய அரசு பிறப்பித்த ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டின்றி வந்தமைக்கான தண்டனையினின்று விலக்கியது. அவ்வாணை குடியுரிமை வழங்கவில்லை.